ஐ.பி. முகவரி வீட்டு முகவரி அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணையக் குற்றங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ‘ஐ.பி. முகவரி கிடைத்தால் போதும், அனுப்பியவரின் வீட்டு வாசலையே காட்டிவிடும்’ என்றொரு வரி இருந்தது. ஐ.பி. முகவரி என்பது இணையத்தோடு இணையும் இணைப்புக்குத் தரப்படும் எண். அந்த வரியைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணைப் பற்றி யாரோ எழுதிய அவதூறுக்கு, கணினி மையம் நடத்தும் என் தங்கை மகனைக் கூப்பிட்டு ஊரார் விசாரித்தார்கள். அவதூறு வந்த ஐ.பி. எண்ணுக்கு ஏதோ ஓர் இணையதளம் எங்கள் ஊரான குத்தாலம் என்று காட்டியதாம். அவர்களுக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

தாங்கள் அறியாததல்ல, இந்த எண்கள் இணைய நிறுவனங்களுக்குத் தொகுதி தொகுதியாக ஒதுக்கப்படுபவை. நாடு எது என்பதை அவை பெரும்பாலும் சரியாகக் காட்டும். ஊர் என்று வரும்போது தரவுத்தளங்கள் சொல்வது ஊகமே. பழைய வகை முகவரிகள் உலகம் முழுமைக்குமே சுமார் 430 கோடிதான் என்பதால், கைப்பேசி நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. மதகை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீர் யார் வயலுக்குப் பாய்ந்தது என்று சொல்ல முடியுமா? காவல்துறையே கேட்டாலும், எண்ணோடு, அதைப் பகிர்வோரின் இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இருந்தால்தான் நிறுவனம் தன் பதிவேட்டிலிருந்து சந்தாதாரரைக் கண்டறிய முடியும். உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசத்தைக் கவனியாமல் விட்டால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயர் வந்து நிற்கும்.

அமெரிக்காவில், இடம் தெரியாத 60 கோடிக்கும் அதிகமான முகவரிகளுக்கு, நாட்டின் நடுப்பகுதி என்று, ஐ.பி. முகவரிகளின் இடத்தைக் கணிக்கும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம் குறித்து வைத்த புள்ளி, கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடொன்றில் விழுந்தது. செய்யாத குற்றங்களுக்காக அங்கிருந்தவர்களைத் தேடி ஆண்டுக்கணக்கில் அதிகாரிகள் வந்துகொண்டிருந்த கதை 2016-இல்தான் வெளியே தெரிந்தது. புள்ளியைப் பிறகு ஓர் ஏரிக்கு மாற்றினார்கள். அந்தக் குடும்பம் பட்ட அவமானத்தை எங்கே மாற்றுவது?

என் கைப்பேசியையே வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தால், ஒரு தளம் சென்னை என்கிறது, இன்னொன்று பெங்களூரு என்கிறது. இதே குழப்பத்தால் என் ஓய்வூதியக் கணக்கை, வெளியூரிலிருந்து யாரோ இயக்குவதாகச் சொல்லி ஒரு வங்கி முடக்கியதும் உண்டு. வரைபடச் செயலியில் நாம் நிற்கும் இடம் துல்லியமாகத் தெரிவது செயற்கைக்கோள், கைப்பேசிக் கோபுரம், வைஃபை ஆகியவற்றின் உதவியால். கட்டுரையாளர் இதையும் ஐ.பி. முகவரியையும் ஒன்றாக்கிவிட்டார்.

இடத்தைப் பற்றிய அக்கறையின்மை தங்கள் பக்கங்களுக்குப் புதிதல்ல என்று எழுத மனம் வருந்துகிறது. மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமான பின்பும் எங்கள் ஊரை நாகை மாவட்டம் என்றே அச்சிடுகிறீர்கள். அது குறித்து முன்பு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அந்த வரி தவறு என்று ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெளியான இதழின் படி ஒன்றைத் தபாலில் அனுப்பினால், ஊராரிடம் காட்ட உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்