பழங்குடி வாய்மொழிப் பதிவு: பணம் எழுத்தாக்கத்துக்குப் போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழக அரசின் 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஓர் அறிவிப்பு வந்தது. சௌராஷ்டிரம், படுகு ஆகிய மொழிகளோடு தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மக்களின் மொழி வளத்தையும் ஒலி வடிவங்களையும் இனவரைவியல் நோக்கில் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றார்கள். ‘ஒலி வடிவங்கள்’ என்று சொன்னதுதான் அதில் முக்கியம். பழங்குடிக் கதைகள் என்ற பெயரில் நம் கண்ணில் படும் பதிவுகள் பலவற்றில் அந்த மக்களின் ஒலியே இருப்பதில்லை. தமிழில் சொல்லவைத்து எடுத்த சுருக்கம்தான் இருக்கிறது. இந்தப் பணமும் அதே வழியில் போய்விடக் கூடாது. பதிவு வேலை எங்கே கெடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

வழக்கமாக நடப்பது இதுதான். காலை 11 மணிக்கு ஜீப் போய் நிற்கும். பெரியவர் ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்து, “தாத்தா, உங்க ஆளுங்க கதை ஒண்ணு சொல்லுங்க” என்று தமிழில் கேட்பார்கள். கேட்ட மொழியில் பதில் சொல்வதுதானே மரியாதை? அவரும் தமிழிலேயே சொல்வார். இரவு முழுக்க நீளக்கூடிய கதை ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். நடுநடுவே வரும் பாட்டு விழும். திரும்பத் திரும்ப வரும் அடிகள் விழும். கரடி ஒரு குரலிலும் காடை ஒரு குரலிலும் பேசுவது விழும். எஞ்சுவது கதையின் எலும்பு. அதற்கும் எழுதுபவர் தன் பங்குக்கு ஒரு நீதியைக் கடைசியில் ஒட்டிவிடுவார்.

கதை சொல்பவருக்கு எதிரே ‘உம்’ கொட்ட ஆள் வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது, எதை நீட்டுவது, எதை இன்னொரு முறை சொல்வது என்பதையெல்லாம் அந்த ‘உம்’தான் தீர்மானிக்கிறது. மொழி தெரியாத மாணவர் கைபேசியை நீட்டிக்கொண்டு தலையாட்டினால் அந்த வேலை நடக்காது. கதையை ஏற்கெனவே அறிந்த ஒரு பேத்தியையோ தங்கையையோ எதிரே உட்காரவைத்து, அவர்களுக்குத்தான் கதை என்று ஆக்கிவிட வேண்டும். கேள்வியை அதே ஊர்க்காரர் அதே மொழியில் கேட்க வேண்டும். பதிவாளர் வாயைத் திறக்கக் கூடாது. புரியாத இடங்களைக் குறித்துவைத்து மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். நடுவில் “அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்று குறுக்கிட்டால் அதற்குப் பிறகு வருவது பொழிப்புரைதான்.

அடுத்தது காலம். எல்லாப் பாட்டையும் எல்லா நாளிலும் பாட முடியாது. கோத்தர்கள் தெய்வத்துக்கான இசை, சாவுக்கான இசை, ஆட்டத்துக்கான இசை என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். சாவுக்குரியதை விழா மேடையில் வாசித்துக் காட்டச் சொல்வது அவர்களைச் சங்கடத்தில் தள்ளும். காணிகளின் சாற்றுப்பாட்டு, பிலாத்தி எனும் பூசாரி கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி இரவெல்லாம் பாடுவது. நோய் தீர, தீங்கு விலகச் செய்யும் சடங்கு அது. பகலில் பத்து நிமிடம் ‘சாம்பிள்’ கேட்டால், எதைப் பாடினால் தப்பில்லையோ அதைப் பாடி அனுப்பிவிடுவார்கள். கோத்தர்களின் பெருவிழா டிசம்பர்-ஜனவரியில் வருகிறது. கோடையில் தேன் எடுக்கும் நாட்களில் இருளர், குறும்பர் ஊர்களில் ஆண்கள் பலர் இருக்க மாட்டார்கள். ஆகவே ஓராண்டுச் சுற்றை முழுதாக வைத்துத்தான் திட்டமிட முடியும். மார்ச் 31க்குள் பணத்தைச் செலவுசெய்து கணக்குக் காட்டும் அவசரம்தான் இந்த வேலைக்கு முதல் எதிரி. துக்க வீட்டில் பதிவு செய்யும் வாய்ப்பு, அந்தக் குடும்பமே கூப்பிட்டால் மட்டும். கூப்பிடவில்லையென்றால் அந்தப் பகுதி பதிவில் இல்லாமலே இருக்கட்டும்.

கருவியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை, ஆனால் சில பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. கைபேசியின் ஒலிப்பதிவுச் செயலி பெரும்பாலும் ஒலியைச் சுருக்கியே சேமிக்கும். இரைச்சலை நீக்குகிறேன் என்று கூடியிருப்பவர்களின் முணுமுணுப்பையும் பறை அதிர்ந்து அடங்கும் வாலையும் வெட்டிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னொரு முறை நசுங்கும். சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்ய வேண்டும். இரு தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும், அவ்வளவுதான். ஒரு மைக் சொல்பவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில். இன்னொன்று கேட்பவர்கள் பக்கம். ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பறை ஓர் அடி விழுந்ததும் கருவி அளவைக் குறைத்துக்கொள்ளும், பின்னால் வரும் இரண்டு வரிப் பாட்டு காணாமல் போகும். கருவி காட்டும் ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி வைத்தால் திடீர்க் கூச்சலுக்கும் இடம் இருக்கும். நீலகிரியில் காற்றுக்கு மைக்கின் மேல் ரோம உறை கட்டாயம். மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே பதிவே வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் பையில் வைத்திருப்பது நல்லது. பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், மொழி, உடன் இருப்பவர்கள் ஆகியவற்றை வாயாலேயே சொல்லிவிட வேண்டும். தாளில் எழுதிய குறிப்பு தொலையும். கோப்புக்குள் பேசிய குறிப்பு கோப்போடு இருக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் முடிந்தது கால்வாசி வேலைதான். மிச்சம் எழுத்தாக்கம். திட்டங்கள் கவிழ்வது இங்கேதான், ஏனென்றால் இதற்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை. ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதி, சொல்லுக்குச் சொல் பொருள் போட்டு, தமிழாக்கம் செய்து முடிக்க 40 மணி நேரத்துக்குக் குறையாது. பழகாத மொழி என்றால் அதைப் போல இருமடங்கும் ஆகலாம். நூறு மணி நேரப் பதிவு என்று வைத்துக்கொண்டால் குறைந்தது 4,000 மணி நேரம். நாளைக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒருவருக்கு 500 வேலை நாட்கள். அந்த நூறு மணி நேரத்தைச் சேமிக்கும் வன்தட்டின் விலையோ சில ஆயிரம் ரூபாய். 2 கோடியில் பெரும்பகுதி எங்கே போக வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும்: அந்தந்தச் சமூகத்தில் படித்த இளைஞர்களுக்கு, இரண்டு மூன்று ஆண்டு மாதச் சம்பளமாக. ட்ரோன் காட்சிக்கும் வெளியீட்டு விழாவுக்கும் போனால் வீண்.

தோடர் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொடர் பாடினால் அதற்கு இணையாக, அதே அமைப்பில், அதே அசைக் கணக்கில் இன்னொரு தொடர் வந்தாக வேண்டும். இடம், எருமை, பால்மனை (கோயிலாகவும் விளங்கும் பால்கூடம்) என ஒவ்வொன்றுக்கும் பாட்டில் மட்டும் வழங்கும் இணைப் பெயர்கள் உண்டு. பாடுபவர் எதையும் நேராகச் சொல்ல மாட்டார், குறிப்பாகத் தொட்டுவிட்டுப் போவார். எந்த மந்து (தோடர் குடியிருப்பு), எந்தச் சம்பவம் என்று பாடியவரே உட்கார்ந்து அவிழ்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பதிவு இனிமையான ஓசையாக மட்டுமே மிஞ்சும். மொழியியலாளர் எமெனோ 1930களில் நீலகிரியில் சேகரித்த தோடர் பாடல்கள் நூலாக வந்தது 1971இல். எழுத்தாக்கம் எவ்வளவு நேரம் தின்னும் வேலை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. அந்த நூலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

எதில் எழுதுவது என்பது அடுத்த சிக்கல். தோடர் மொழியில் நாக்கு அதிரும் ஒலி மட்டும் மூன்று. தொண்டை அதிராமல் பிறக்கும் லகரம், பலவகை உரசொலிகள் உண்டு. இருளர் மொழியில் நாவின் நடுப்பகுதியில் பிறக்கும் உயிரொலிகள் இருக்கின்றன. நரிக்குறவரின் மொழியான வாக்ரி போலி இந்தோ-ஆரியக் குடும்பம். தமிழை வைத்து ஊகிக்க வழியே இல்லை. வெறும் தமிழ் எழுத்தில் எழுதினால் வெவ்வேறு சொற்கள் ஒன்றாகிவிடும். தமிழ் எழுத்தின் மேலோ கீழோ புள்ளி, கோடு சேர்த்து அந்த ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளும் முறையை முதல் மாதமே முடிவு செய்து, ஒரு பக்க அட்டவணையாக எல்லோர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். ஆளுக்கொரு முறையில் எழுதத் தொடங்கினால் பிறகு தேடவே முடியாது. ஆய்வாளருக்குப் பன்னாட்டு ஒலிப்பு எழுத்தில் இன்னொரு வரி. இதற்கெல்லாம் ஈலான் என்ற இலவச மென்பொருள் போதும்: ஒலியலைக்கு நேர் கீழே மூலம், சொற்பொருள், தமிழாக்கம், குறிப்பு என்று அடுக்கடுக்காக எழுதலாம். வரியை மூச்சு நிற்கும் இடத்தில் முறிக்க வேண்டும். இலக்கண வாக்கியமாகக் கோத்தால் சொல்பவரின் நடை போய்விடும். சொன்னதையே சொல்கிறார் என்று எதையும் நீக்கக் கூடாது. ஒரே கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றும் தனித்தனிப் பதிவு. ஒட்டுப்போட்டு ‘சரியான வடிவம்’ தயாரிக்கும் பழக்கம் நம் பதிப்பாளர்களிடம் உண்டு. அப்படி ஒரு வடிவத்தை எந்த ஊரிலும் யாரும் சொன்னதில்லை.

ஒப்புதல் என்பது அதிகம் ஏமாற்று நடக்கும் இடம். வந்தவுடன் ஒரு தாளில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. என்ன சொல்லப் போகிறோம் என்று சொல்பவருக்கே அப்போது தெரியாது. பதிவை முழுக்க ஓட்டிக் காட்டிய பிறகு கேட்க வேண்டும்: இது ஊருக்குள் மட்டும் இருக்கட்டுமா, காப்பகத்தில் ஆய்வாளர் கேட்கலாமா, எல்லோரும் கேட்கலாமா? பதிலை அவர் குரலிலேயே பதிந்துகொள்ள வேண்டும். பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். ஒருவர் சம்மதித்தாலும் சடங்குப் பாட்டு என்றால் மூப்பனையோ ஊர்ப் பெரியவர்களையோ கேட்டாக வேண்டும். அன்றைய கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கூலிக்குக் குறையாத தொகையை அன்றே கொடுப்பதும் இதில் அடங்கும்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், வேட்டைப் பாட்டை முகத்தோடும் ஊர்ப்பெயரோடும் யூடியூபில் போட்டால் பாடியவருக்குத் தொல்லை வரலாம். தேன்பாறைக்கும் தெய்வ இடத்துக்கும் வழி சொல்லும் கதையை வெளியிட்டால் அடுத்த வாரம் சுற்றுலா வேன் வந்து நிற்கும். மூலிகை அறிவு இன்னொன்று. 1987இல் அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து மருந்து தயாரானது. உரிமத் தொகையிலும் வருமானப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாகி, அதற்காக 1997இல் அறக்கட்டளை அமைத்தார்கள். அங்கே பங்கீடு நடந்தது. கதைத் தொகுப்பில் செடிப் பெயரோடு அச்சாகிவிட்டால் பிறகு பங்கு கேட்பது கடினம்.

சட்டத்தில் ஒரு பாதி மட்டும் பழங்குடிகள் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பாடுபவரும் கதை சொல்பவரும் ‘நிகழ்த்துநர்’. 38ஆம் பிரிவின்படி அவர்களது உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். 2012 திருத்தம் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும், தன் நிகழ்த்துதலைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமையையும் சேர்த்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கதைக்கு இச்சட்டத்தில் உரிமையாளர் யாரும் இல்லை. ஒலிப்பதிவின் உரிமையோ பதிவுக்கு ஏற்பாடு செய்தவருக்குப் போகும். எனவே அரசுத் திட்டத்தில் எடுக்கும் பதிவுகளின் உரிமை அந்தந்த ஊரோடு கூட்டாக இருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அரசிடம் கேட்பது சிலவே. இருளர், ஆலு குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மக்களின் மொழிகளையும் இந்தப் பணியில் சேர்க்க வேண்டும். எழுத்தாக்கத்துக்குத் தனித் தலைப்பில் நிதி காட்ட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகள் இருக்கட்டும், ஒன்று வேறு ஊரில். வன்தட்டை ஐந்தாண்டுக்குள் மாற்ற வேண்டும். உதகை அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது, ஒரு படி அங்கே இருக்கலாம். சொன்னவர் குடும்பத்துக்குக் குறுந்தகடு கொடுப்பதில் இப்போது பயனில்லை, போட்டுக் கேட்கக் கருவி இல்லை. அவர்கள் கைபேசியில் ஓடும் வடிவில் நினைவட்டையில் ஏற்றி, ஒரு மாதத்துக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கான பேருந்துக் கட்டணத்தையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
வாய்மொழி வழக்காற்றுக் களப்பணியாளர்,
கோத்தகிரி.