வரவேற்புக் கோட்டு

அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. உன் கல்யாண வரவேற்புக்கென்று புனேயில் எடுத்த ரெடிமேட் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ அனுப்பிய படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், "காலருக்குக் கீழே மடிப்பு விழுகிறது, வலது தோள் தொங்குகிறது" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லாததால் நான் எழுதுகிறேன்.

ஒன்பது வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்தாயே, அன்றிலிருந்து உன் வலது தோள் இடதைவிட அரை அங்குலம் இறங்கியே இருக்கிறது. பள்ளிக்கூட பிளேசர் முதல் கல்லூரியின் கடைசி விழாவுக்குப் போட்ட கோட்டு வரை, வலது ஷோல்டர் பேடில் கூடுதலாக ஓர் அடுக்குப் பஞ்சு வைத்துத்தான் அப்பா தைத்தார். அவரும் உன்னிடம் சொன்னதில்லை, நீயும் கவனித்ததில்லை. கடையில் 40 என்று எடுத்துக் கொடுத்தவர் உன் மார்பைத்தான் பார்த்தாரே தவிர, தோளைப் பார்க்கவில்லை.

இந்த 40 போன்ற ரெடிமேட் அளவுகள் பிறந்த கதையை அப்பா கடைப் பையன்களுக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கான வீரர்களுக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தபோது, சில அளவுகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு அவற்றையே வரிசைப்படுத்தி வெட்டினார்கள். போர் முடிந்தபின் அதே முறை பொதுமக்களின் உடைக்கும் வந்தது. இன்றும் பெரும்பாலான ரெடிமேட் சூட்டுகளில் மார்பு 40 என்றால் இடுப்பு 34தான், அதாவது ஆறு அங்குல வித்தியாசம். அப்படிப்பட்ட உடம்பு வாய்த்தவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். சட்டையும் பனியனும் நீயும் கடையிலேயே வாங்கலாம். திருப்பூர்க்காரர்கள் தைப்பதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் சட்டையைப் போல் கோட்டு உடம்பின்மேல் தொங்குவதில்லை. மேல்துணிக்கும் உள்பக்கத் துணியான லைனிங்குக்கும் நடுவில் இருக்கும் ஒன்றுதான் அதை நிமிர்த்தி நிற்க வைக்கிறது.

கைத்தையல் கோட்டில் அந்த இடத்தில் குதிரை முடி கலந்து நெய்த கேன்வாஸ் இருக்கும். அதை மேல்துணியோடு இறுக்காமல், துணி தன் போக்கில் அசைய இடம் விட்டு, கையால் தைக்க வேண்டும். மடிப்புக் காலருக்கு மட்டும் நூற்றுக்கணக்கான சிறு தையல்களை, துணியை விரலில் வளைத்துப் பிடித்தபடியே போட வேண்டும்; அப்படிப் போட்டால்தான் காலர் தட்டையாகப் படுத்துவிடாமல் தானாகவே உருண்டு திரும்பும். விலை குறைந்த ரெடிமேடில் இந்த வேலைக்குப் பதிலாகப் பசை தடவிய ஒரு துணியைச் சூடு வைத்து அழுத்தி ஒட்டிவிடுகிறார்கள். கடைக் கண்ணாடியில் பார்க்க அது நன்றாகவே இருக்கும். பலமுறை டிரைகிளீனிங் ஆனபின் பசை விட்டு, நெஞ்சுப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பினால், அதைச் சரிசெய்ய எந்த டெய்லராலும் முடியாது.

இன்னொன்றையும் உன் படத்தில் பார்த்தேன். நீ கையைத் தூக்கியதும் கோட்டு முழுவதும் கூடவே எழும்பியிருக்கிறது. பலருக்கும் பொருந்த வேண்டும் என்று கைக்குழியைப் பெரிதாகவும் தாழ்வாகவும் வெட்டுவதால் வருவது அது. குழி சிறிதாக, அக்குளை ஒட்டி உயரத்தில் இருந்தால்தான் கோட்டு அசையாமல் கை மட்டும் தூக்கும். அப்படி வெட்ட, போடுகிற ஆள் எதிரில் நிற்க வேண்டும்.

பட்டன் துளைக்கு எடுக்கும் காஜாவைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வது? முப்பது வருடம் அப்பாவின் கோட்டுகளுக்குக் காஜா எடுத்தவள் நான். கையால் எடுக்கும்போது முதலில் துளையை வெட்டி, பிறகு அதன் ஓரத்தில் தடித்த நூலை வைத்து முடிச்சு முடிச்சாகச் சுற்றி வருவோம். வெட்டிய விளிம்பு முழுவதும் நூலுக்குள் அடங்கிவிடும். மெஷின் பெரும்பாலும் தைத்துவிட்டு நடுவில் வெட்டுகிறது, அதனால்தான் சில மாதங்களில் பிசிறு எட்டிப் பார்க்கிறது. இந்த வேலையின்மேல் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பித் தோட்டத்துக்காரர், தன் திருமணத்துக்கு அப்பா தைத்துக் கொடுத்த கோட்டை இருபது வருடம் கழித்து எடுத்துக்கொண்டு வந்தார். வயிறு இரண்டு அங்குலம் பெருத்திருந்தது. அப்பா லைனிங்கைப் பிரித்து, முதுகிலும் பக்கவாட்டிலும் அன்றே உள்ளே மடித்து விட்டிருந்த துணியை வெளியே எடுத்துத் தைத்துக் கொடுத்தார். மலையில் மார்கழிக் குளிருக்கு அவர் இன்னும் அதைத்தான் போடுகிறார். ரெடிமேட் கோட்டில் அப்படிப் பிரித்து விட உள்ளே அவ்வளவு துணி வைப்பதில்லை.

முகூர்த்தத்துக்கு நம் ஊர் வெண்பட்டு வேட்டி எடுத்தாகிவிட்டது. அதற்கு அளவும் வேண்டாம், டெய்லரும் வேண்டாம். வரவேற்புக்கு மட்டும் அப்பா தைக்கட்டும். மூன்றேகால் மீட்டர் கம்பளித் துணி எடுத்துத் தண்ணீர் காட்டி உலர்த்தி வைத்திருக்கிறார். கண் முன்போல் இல்லாததால் கேன்வாஸ் தையலைப் பகலில் மட்டும்தான் போட முடிகிறது என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நீ எடுத்த கோட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடு, இல்லையென்றால் அலுவலகத்துக்கு வைத்துக்கொள்.

போனில் அளவு சொன்னால் போதாதா என்று கேட்காதே. வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டு ஒரு டிரையல், கை பூட்டியபின் இன்னொன்று என்று இரண்டு முறை நீ அவர் முன்னால் நிற்க வேண்டும். ஆகவே இரண்டு நாள் முன்னதாக வருவதாகச் சொன்னதை மாற்றி, பன்னிரண்டு நாளாவது முன்னதாக வா. வரவேற்பன்று போடப்போகும் ஷூவையும் மறக்காமல் கொண்டு வா. அதைக் காலில் போட்டுக்கொண்டு நின்றால்தான் பேன்ட்டின் உயரத்தை வெட்ட முடியும் என்கிறார் அப்பா.

அன்புடன்,
அம்மா