பொங்கலுக்கு முன்னால் செய்யவேண்டியது

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலிலிருந்து சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று நீ சொன்னதைக் கேட்டு அம்மா அப்போதே விளக்கேற்றிவிட்டாள். எனக்கு அந்த நாளைவிட அதற்கு முன்னால் இருக்கிற இந்த இரண்டு வாரம்தான் பெரிது. நம் மெடிக்கலுக்கு "நாளையிலிருந்து விட்டுடுதேன் அண்ணாச்சி" என்று வருகிறவர்கள் பாதிப்பேர் வெறும் வீம்போடுதான் வருகிறார்கள்.

இப்போதைக்குக் குறைக்கக்கூட வேண்டாம். எப்போதெல்லாம் பற்றவைக்கிறாய் என்று மட்டும் குறித்துவை. டீக்கடையில் கூட்டாளிகளோடு பிடிப்பது பழக்கம். அந்த நேரத்துக்கு வேறு இடம் போய்விடலாம். எழுந்த அரை மணிக்குள் பிடித்தே ஆகவேண்டுமென்றால் உடம்பே கேட்கிறது. அப்படியானால் சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லுகிற நிக்கோடின் கம்மில் 2 மில்லிகிராம் பத்தாது. டாக்டரைப் பார்த்து 4 மில்லிகிராம் எழுதி வாங்கு.

கம்மைப் பபிள்கம் மாதிரி மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். "இது வேலைக்காகாது" என்று வெட்டின அட்டையைத் திருப்பிக் கொண்டுவருவார்கள், அதை நான் யாரிடம் விற்பது! மெதுவாக மெல்லு. மிளகைக் கடித்தாற்போலச் சுள்ளென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லு. அரை மணி தாங்கும். கம்மை வாயில் போடுவதற்குக் கால்மணி முன்னாலிருந்தே காபி, ஜூஸ் ஆகாது. மருந்து வாயில் சரியாக இறங்காது.

காபி என்றதும் ஞாபகம் வருகிறது. புகை பிடிக்கிறவர்கள் உடம்பில் கஃபீன் சீக்கிரம் கரைந்துவிடும். பிடிப்பதை நிறுத்தினால் அதே காபி நெடுநேரம் நிற்கும். படபடப்பு, தூக்கமில்லை. பழியைச் சிகரெட்டை விட்டதன்மேல் போட்டு, திரும்பப் பெட்டிக்கடைக்குப் போய்விடுவார்கள். சிகரெட்டை விடுகிற அன்றிலிருந்து காபியைப் பாதியாக்கு.

முதல் இரண்டு மூன்று நாள்தான் ரொம்பப் படுத்தும். பிடிக்கணும் என்ற வெறி வந்தால் சில நிமிஷம் தாக்குப்பிடி, தானே இறங்கும். சிகரெட் பாக்கெட்டில், விட நினைக்கிறவர்களுக்கு உதவ 1800-11-2356 என்று ஒரு நம்பர் அச்சடித்திருப்பானே, இலவசம்தான், கூப்பிட்டுப் பேசு.

பொங்கலுக்கு வரும் சித்தப்பா நம் திண்ணையில் உட்கார்ந்துதான் புகைவிடுவார். இந்த வருஷம் தோப்புப் பக்கம் போய்ப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். முறைத்தார், அப்புறம் சரியென்றார். நீ எரிந்து விழுந்தாலும் அம்மா கண்டுகொள்ளமாட்டாள், சொல்லிவைத்துவிட்டேன். டிக்கெட் போட்டதும் தகவல் சொல்லு.

அப்பா