‘சோதனைக்காரன்’ சொல்லை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த ஆன்மிகக் கட்டுரையொன்றில், தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில், இயேசுவைச் சோதிக்க வரும் பிசாசைக் குறிக்கும் ‘சோதனைக்காரன்’ என்ற சொல் இன்றைய வாசகருக்கு விளங்காது என்றும், அதை ‘ஆசைகாட்டுபவன்’ என்று மாற்றலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கவலை நியாயமானதே. ஞாயிறு வகுப்பில் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தை வாசித்தபோது, “சோதனைக்காரன்னா பையைத் திறந்து பார்க்கிறவங்களா?” என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். வருமான வரிச் சோதனை, வாகனச் சோதனை என்றே கேட்டு வளரும் பிள்ளை வேறெப்படிக் கேட்பாள்? ஆயினும் அச்சொல்லைக் கைவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் உள்ள ‘பெய்ராசோ’ என்ற வினை, ஒருவரின் உறுதியைப் பரீட்சிப்பதையும் தீமைக்கு இழுப்பதையும் ஒருங்கே குறிப்பது. நம் ‘சோதித்தல்’ என்ற வினையும் அவ்விரண்டையும் தாங்குகிறது. பிசாசு இயேசுவிடம் கல்லை அப்பமாக்கச் சொன்ன இடத்திலாவது ‘ஆசைகாட்டுபவன்’ ஒருவாறு பொருந்தும். ஆனால் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கச் சொன்னபோது காட்டப்பட்ட ஆசை எது? கடவுளின் வாக்கையே பரீட்சை பார்க்கத் தூண்டுவதல்லவா அங்கே நடக்கிறது?

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ‘காரன்’ என்ற விகுதி. ஒருநாள் சண்டை போட்டவனை நாம் சண்டைக்காரன் என்பதில்லை. அதையே இயல்பாகக் கொண்டவனைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று வந்தாலும், அதனால் அவருக்குச் ‘சோதனைக்காரர்’ என்ற பெயர் வந்துவிடவில்லை. வினை ஒன்றாயிருக்க, பெயர் மட்டும் பிசாசுக்கே உரியதாக நிற்கிறது. 1 தெசலோனிக்கேயர் 3:5-லும் வேறு அடையாளம் எதுவுமின்றிச் ‘சோதனைக்காரன்’ என்ற ஒரு சொல்லாலேயே அவன் யாரென்று தெரிந்துவிடுகிறது. ‘ஆசைகாட்டுபவன்’ என்ற சொல்லுக்கு இந்த அழுத்தம் கிடையாது. பணம் பெருகும் என்று நம்பவைத்து ஏமாற்றுபவரைப் பற்றிய செய்திக்கு அது பொருத்தமாயிருக்கும்.

அச்சிறுமிக்கும் சண்டைக்காரனைக் காட்டியே விளக்கினேன், உடனே பிடித்துக்கொண்டாள். எனவே, இனி இச்சொல் தங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வரும்போது, அதை மாற்றாமல், அருகில் ஒரு வரி விளக்கம் மட்டும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு ஆசிரியர் ஒருவர்