டீச்சரம்மா வீட்டுப் பையைக் கட்டி அனுப்பியவர்களுக்கு

தர்மபுரி உழவர் சந்தையில் என் அம்மாவை டீச்சரம்மா என்று கூப்பிடும் அத்தனை பேருக்கும் வணக்கம். நான் ஓசூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அப்புறம் அம்மாவால் வாசற்படி இறங்க முடியவில்லை, நானும் வாரக் கடைசியில்தான் வர முடிகிறது. காய்க்கு என்ன வழி என்று நான் யோசிப்பதற்குள், பென்னாகரம் பக்கமிருந்து வரும் கீரைக்கார அக்கா "என்ன, டீச்சரம்மாவைக் காணோமே" என்று நாலு பேரிடம் விசாரித்து, தானே ஒரு பை கட்டி, எங்கள் தெரு ஆட்டோக்கார அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அதிலிருந்து பை வந்துகொண்டேதான் இருக்கிறது. உள்ளே காலண்டர் தாளைக் கிழித்து எழுதிய கணக்கு: தக்காளி 1, வெண்டை அரை, சிறுகீரை 2. எல்லாம் சந்தை வாசல் பலகையில் போட்டிருக்கும் விலைதான், கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வழக்கம்போல கணக்கில் வராது. அம்மா நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்க மாட்டார் (இதற்காக அக்காவிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறார் தெரியுமா). பையில் வந்த வெண்டையில் இரண்டு மூன்று நுனி ஒடிந்திருந்தது. அம்மாவுக்குப் பதிலாக அக்காவே ஒடித்துப் பார்த்திருக்கிறார்!

பாலக்கோட்டுத் தக்காளி அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நன்றி சொல்லப் போனால், "விலை விழுந்து அள்ளுகூலிக்குக்கூட கட்டாம ரோட்டுல கொட்டினப்போ டீச்சரம்மா கூடையோட வாங்கித் தொக்கு கிண்டித் தெருவுக்கே கொடுத்தாங்களே, அதுக்கு நாங்க என்னத்தச் சொல்ல" என்று என் வாயை அடைத்துவிட்டார். ஆனால் அண்ணா, 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டி விற்றபோதும் எடை போட்ட பிறகு ஒரு பழம் சேர்த்துப் போட்டீர்களே, அதையும் அம்மா சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்.

ஆட்டோ அண்ணா, அந்தப் பக்கம் வருகிற சவாரியோடு வந்தேன் என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் சொல்வதை நாங்கள் நம்பவில்லை, ஆனாலும் நன்றி.

அப்புறம் தேங்காய்க்கார ஐயா. மூன்று காய்க்குப் பணம் பாக்கி இருக்கிறது, கொடுத்தால் "கால் சரியாகட்டும்" என்று தள்ளிவிடுகிறீர்கள். டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவே கைத்தடியோடு வருகிறார். தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கேயே நின்று சண்டை போடுவார்.