சாத்தனூர்க் கல்மரம்: உடன் நின்றோருக்கு ஒரு நன்றி மடல்

பெற்றோர்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவில் புதைந்து கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஊசியிலை மரத்தை எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணாரக் கண்டு திரும்பினார்கள். சாத்தனூர் என்றதும் தென்பெண்ணை அணை என்றே எண்ணியிருந்த பெற்றோர்கள், தொலைவு தெரிந்த பின்னும் தயங்காமல் ஒப்புதல் தந்ததற்கு முதல் நன்றி.

கிருஷ்ணகிரிப் பாறையில் இப்படியொரு மரம் கிடைக்காது. நாற்பது ஆண்டுகள் கிரானைட் அறுத்த பெரியவர் வகுப்புக்கு வந்து, தாம் அறுத்த எந்தக் கல்லிலும் ஓர் இலையையோ சிப்பியையோ பார்த்ததில்லை என்றார். இங்குள்ள பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்; அன்று நிலத்தில் செடியே இல்லை என்று நான் பலமுறை சொல்லியும் பதியாதது, அவர் சொன்னதும் பதிந்தது.

தச்சர் அண்ணன் தேக்குத் துண்டு ஒன்றையும் பார்சல் பெட்டியின் பைன் பலகையையும் குறுக்கே அறுத்து இழைத்துக் கொடுத்தார். லென்ஸில் தேக்கில் துளைகள் தெரிந்தன, ஊசியிலை மரமான பைனில் தெரியவில்லை. மரத்தின் நுண்ணறைகளில் சிலிக்கா என்ற கனிமம் ஊறி நிறைந்து அந்த அமைப்பை அப்படியே காத்துவைப்பதால்தான், கல்லான பிறகும் அது ஊசியிலை மரமா என்று சொல்ல முடிகிறது.

ஓசூர் நர்சரிக்காரர் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று விற்கும் அரோகேரியாக் கன்று ஒன்றை இலவசமாகத் தந்தார். அந்தக் குடும்பத்து மரங்கள் இன்று தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூ கலிடோனியாவிலும் இயற்கையாக வளர்கின்றன. இந்தியக் காடுகளில் இல்லை. ஆனால் அவற்றின் எச்சங்கள் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளில் கிடைத்திருக்கின்றன. "மரம் நடந்து போனதா, நிலம் நடந்து போனதா?" என்று ஒரு மாணவி கேட்டாள்; ஆசிரியப் பணியில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி அது. இரண்டும் நடந்தன. இந்தியாவும் தென் கண்டங்களும் ஒன்றாயிருந்த கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது நிலமே காடுகளைச் சுமந்து விலகியது. மெட்டாசெக்கோயா என்ற ஊசியிலை மரமோ, வெப்பம் மிகுந்த பழங்காலத்தில் இணைந்திருந்த வடநிலங்களின் வழியே தலைமுறை தலைமுறையாகப் பரவியது. 1941இல் மிகி என்ற ஜப்பானிய அறிஞர் புதைபடிவங்களைக் கொண்டு பெயரிட்ட அந்தப் பேரினம், பிறகு சீனாவில் உயிரோடு கண்டறியப்பட்டது. அதன் கட்டைகள் கனடாவின் ஆர்க்டிக் தீவிலும் கிடக்கின்றன.

விடியுமுன் எழுந்து புளிசோறு கட்டித் தந்த தாய்மார்களுக்கும், பிள்ளைகள் கல்மரத்தை விட்டு நகர மறுத்தபோது முகம் சுளிக்காமல் காத்திருந்த வேன் ஓட்டுநருக்கும் என் வணக்கம். நர்சரிக்காரர் தந்த கன்றைப் பள்ளிக் கிணற்றடியில் நட்டிருக்கிறோம். அந்த மாணவிதான் அதற்கு நீர் ஊற்றுகிறாள்.

நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியை,
கிருஷ்ணகிரி மாவட்டம்