கடலைக் கூப்பிட்ட ஊர்

ஆம்ஸ்டர்டாம்,
25-4-2019

அன்பு அம்முவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே? குட்டிக்குச் சளி விட்டதா? தூதுவளையைத் தேனில் குழைத்துக் கொடு, துப்பினாலும் விடாதே.

நேற்று நானும் அப்பாவும் மட்டும் ரயிலேறி லெய்டன் என்கிற ஊருக்குப் போய்விட்டு வந்தோம். படமெல்லாம் அண்ணி வாட்ஸப்பில் அனுப்பியிருப்பாள். ஆனால் அந்த ஊரில் வைத்து எனக்குள் வந்ததை உன்னிடம் போனில் சொல்ல முடியாது. சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன், நீயும் வேலைக்கு நடுவில் இருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆற அமர உட்கார்ந்து படி.

அண்ணன் வேலைக்குப் போகும்போது ஸ்டேஷனில் எங்களை விட்டுவிட்டுச் சீட்டும் வாங்கித் தந்தான். மஞ்சள் ரயில், மாடி வைத்தது. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டே மாடியில்தான் உட்காருவேன் என்று ஏறிவிட்டார். ஹார்லெம் வழியாகப் போகிற பாதை. அங்கிருந்து லெய்டனுக்கு 1842-லேயே ரயில் விட்டுவிட்டார்களாம். "நம்ம நாட்டுல முதல் பயணிகள் ரயில் 1853" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், வகுப்பில் நிற்கிற மாதிரி.

ஹார்லெம் தாண்டியதும் இரண்டு பக்கமும் பூ வயல். நம் ஊரில் வரப்பு போகிற இடத்தில் இங்கே வாய்க்கால் போகிறது. ஒரு வயல் முழுக்கச் சிவப்பு, அடுத்தது மஞ்சள். ஓரிடத்தில் வயல் பச்சையாக மொட்டையாக இருந்தது, ஓரத்தில் பூக்கள் குப்பைபோலக் குவிந்து கிடந்தன. எனக்கு மனசே ஆறவில்லை. இந்த வயல்களில் துலிப்பைப் பூவுக்காகப் பயிரிடுவதில்லையாம், கிழங்குக்காகத்தான். பூ விரிந்ததும் தலையைக் கிள்ளிவிட்டால் கிழங்கு பருக்குமாம். சம்சாரிக்கு அவன் கணக்கு சரிதான். ஆனாலும் அத்தனை பூ.

லெய்டனில் இறங்கினதும் அப்பா நேராகப் பல்கலைக்கழக நூலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனைமங்கலம் செப்பேடு. உன்னையும் அண்ணனையும் சைக்கிளில் வைத்து ஆனைமங்கலத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினாரே, "இந்த மண்ணைத்தான் ராஜராஜன் எழுதிக் கொடுத்தான்" என்று, அதே ஏடு. அதைப் பார்வைக்கு வைப்பதில்லை, போனாலும் பார்க்க முடியாது என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தான். தெரிந்தேதான் போனோம். கட்டடத்துக்கு முன்னால் அகலமாக ஒரு கால்வாய். அதன் கரையில் நின்று அப்பா எனக்கு மறுபடியும் முழுக்கச் சொன்னார். 21 ஏடுகள், ஒரு பெரிய வளையத்தில் கோத்து, ராஜேந்திரன் முத்திரை போட்டது. ஐந்து ஏடு சமஸ்கிருதம், பதினாறு தமிழ். ஸ்ரீவிஜய அரசன் நம் நாகப்பட்டினத்தில் கட்டின புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்த சாசனம். கிராமத்துக்கு எல்லை கட்டப் பெண் யானையை நடக்கவிட்டார்கள் என்று அதில் இருக்கிறதாம். "பிடி சூழ்ந்து, பிடி சூழ்ந்து" என்று இரண்டு தடவை சொன்னார். டச்சுக்காரர்கள் 1690-இலிருந்து நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாக வைத்திருந்த காலத்தை ஒட்டி ஏடுகள் கப்பலேறின, 1862-இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. ஐந்து வருஷம் கழித்து, 1867-இல், விகாரத்தின் மிச்சம் என்று சொல்லப்பட்ட கோபுரத்தையும் நம் ஊரில் இடித்துவிட்டார்கள். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் "வா, பசிக்குது" என்றார். அவ்வளவுதான், ஆனால் அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்று புதன்கிழமை, சந்தை நாள். நியூவ ரைன் என்கிற கால்வாயின் கரை நெடுக கடைகள். அதில் ஒரு பாலத்துக்கு மேலே கூரை போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தானியச் சந்தையாம், மழையில் நனையக் கூடாதே. மீன் கடையில் ஹேரிங் என்று ஒரு மீன். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, நம் மத்தி வகைதான், கொஞ்சம் பெரிது. வேகவைக்காமல் உப்பில் ஊறவைத்து, பச்சை வெங்காயத்தோடு அப்படியே வாயில் போடுகிறார்கள். கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றைக் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தொட்டுக்கொள்ள அந்தக் கடையிலேயே பொரித்த மீன் துண்டுகள் வாங்கினோம்.

பிறகு ஒரு மணி நேரம் படகு. பாலம் வரும்போதெல்லாம் தலையைக் குனிய வேண்டும், அவ்வளவு தாழ்வு. படகு ஓட்டின பெண் சொன்னதை அப்பா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தக் கால்வாய்த் தண்ணீர் கடல் மட்டத்துக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் கீழே இருக்கிறதாம். ரைன் நதியின் பழைய கிளை, ஆனால் தானாகக் கடலுக்குப் போகாது. கட்விக் என்கிற கடலோர ஊரில் பம்பு வைத்து இறைத்து வெளியேற்றுகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நீர் வாரியம், 13-ஆம் நூற்றாண்டிலிருந்து. நான் தண்ணீரை எட்டித் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து, அசையாமல், குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. கரையில் வீடுகள், வாசலில் பூந்தொட்டி, வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் தண்ணீர். தடுப்புகூட இல்லை. பிள்ளைகள் ஓரத்திலேயே சைக்கிள் விட்டுக்கொண்டு போகிறார்கள்.

ஊர் நடுவே மண்ணைக் குவித்துக் குன்றாக்கி, மேலே வட்டமாக ஒரு பழைய கோட்டை. பர்க்ட் என்கிறார்கள். அப்பா கீழேயே உட்கார்ந்துவிட்டார், நான் மட்டும் ஏறினேன். இந்தக் கோட்டையின் கதையைத்தான் அம்மு, உனக்குச் சொல்ல வேண்டும்.

1574-இல் ஸ்பெயின் படை இந்த ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டது. மே மாதத்திலிருந்து உள்ளே ஒரு மணி தானியம் போகவில்லை. வேறு வழியில்லாமல் இளவரசர் வில்லியம் கடலை அடைத்து வைத்திருந்த கரைகளை வெட்டச் சொன்னார். தண்ணீர் வயல் வழியாக ஏறி வந்தால் படகில் சாப்பாடு கொண்டுவரலாம், எதிரியும் ஓடுவான் என்று. "நிலம் பறிபோவதைவிட நிலம் கெடுவது மேல்" என்று சொல்லித்தான் வெட்டினார்களாம். ஆனால் தண்ணீர் போதுமான அளவு ஏறவில்லை, காற்று எதிர்த்து அடித்தது. ஊர் ஜனங்கள் இந்தக் கோட்டைமேல் ஏறி, தண்ணீர் வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பசியிலும் கொள்ளை நோயிலும் சுமார் 6,000 பேர் போனார்கள். அக்டோபர் தொடக்கத்தில் புயல் திரும்பி அடித்து, தண்ணீர் ஏறி, 3-ஆம் தேதி காலையில் படகுகள் வந்து சேர்ந்தன. ஹேரிங்கும் வெள்ளை ரொட்டியும் கொடுத்தார்களாம். இன்றைக்கும் அதே நாளில் ஊரில் எல்லாருக்கும் அதையே கொடுக்கிறார்கள். அடுத்த வருஷமே ஊருக்குப் பரிசாக அந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள்.

கடல் வரவேண்டும் என்று உயரத்தில் ஏறி நின்று பார்த்த ஜனங்கள். சுனாமியன்று நாம் மொட்டைமாடியில் நின்று பார்த்தது எப்படி, இது எப்படி. அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், கால் நடுங்கிவிட்டது. உப்பேறின வயல்காரர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்றும் நினைத்தேன். உன் பெரியப்பா நிலத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்ததே, ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைக் கட்டிக் கட்டி வடித்து, பழையபடி நெல் பார்க்க எத்தனை பாடு.

அன்றைய காலையைப் பற்றி நான் உன்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு லீவு. உனக்குச் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றியிருந்தேன். அந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்று உன்னைக் கடற்கரைக்குக் கூப்பிட்டாள். பெயரை எழுதக் கை வரவில்லை, உனக்குத் தெரியும். ஈரத் தலையோடு கடற்காற்றுக்குப் போகாதே, காயட்டும் என்று உன்னை நிறுத்தினேன். நீ சிணுங்கினாய். "நான் முன்னாடி போறேன், நீ வா" என்று அவள் போனாள். பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல். தண்ணீர் வருகிறது என்று தெருவே ஓடி வந்தபோது உன் தலையில் கட்டின துண்டை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

அவளையும் நிற்கச் சொல்லியிருக்கலாம். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. "இரு தாயி, ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போ" என்று ஒரு வார்த்தை. பதினாலு வருஷமாக அந்த ஒரு வார்த்தை என் தொண்டையில் நிற்கிறது. நீ பொங்கலுக்கு வருகிறாய், கடற்கரைப் பக்கம் திரும்பாமல் போகிறாய். நான் ஏன் என்று கேட்டதில்லை. நீயும் அந்த வாசலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவளோடு போயிருந்தால் என்று நீ நினைக்கிறாயோ, அவளை நிறுத்தியிருந்தால் என்று நினைக்கிறாயோ, அதுதான் தெரியவில்லை. நீ பன்னிரண்டு வயசுப் பிள்ளை அம்மு. பெரியவள் நான்தான் அங்கே நின்றேன். சொல்ல வேண்டியவளும் நான்தான்.

திரும்பும்போது ஸ்கிபோல் வழியாக வந்தோம். விமான நிலையம் இருக்கிற இடம் முன்பு பெரிய ஏரியாம். 1836-இல் புயலில் பொங்கி, டிசம்பர் 25-ஆம் தேதி லெய்டன் தெருக்களுக்குள் வந்துவிட்டதாம். அப்புறம்தான் நீராவி பம்புகள் வைத்து, 1852-க்குள் ஏரியையே இறைத்துக் காயவைத்தார்கள். அப்பா அந்தத் தேதியைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவரும் அதையே நினைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். வீடு வந்து சேரும்வரை என் கையை விடவில்லை.

நாங்கள் மே 12-ஆம் தேதி ஊருக்கு வந்துவிடுவோம். நீ குட்டியோடு லீவுக்கு வரும்போது உன்னைக் கடற்கரைக்குக் கூப்பிட மாட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மா சுனாமிக் குடியிருப்பில்தான் இருக்கிறாள். மார்க்கெட்டில் தூரத்தில் பார்த்தால் நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன், இத்தனை வருஷமும் அப்படித்தான். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. நீ கூட வந்தால் போவேன்.

லெய்டன் சந்தையில் நடுவில் பாகு வைத்த ஒரு வட்ட பிஸ்கட், சுடச்சுட வார்த்துக் கொடுத்தார்கள். டப்பாவில் அடைத்ததும் வைத்திருந்தார்கள். குட்டிக்கு ஒன்று, உன் மாமியாருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா